பதினொரு பாகமாக அறுத்த புத்தகம்

இலங்கையில் நடந்த போரைப் புரிந்துகொள்ள என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் ஒரு குண்டுப் புத்தகத்தைச் சொல்வேன். நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். எழுதியவர் அந்த நாட்டில் பாடம் நடத்திய பேராசிரியர். யாருக்கும் கொடி பிடிக்காமல், யாரையும் திட்டாமல் எழுதியிருப்பார். அந்தப் புத்தகத்தைத்தான் நான் தோல் சீவும் கத்தியால் பதினொரு பாகமாக அறுத்தேன். அதுவும் நூலகத்துப் புத்தகம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, எங்கள் நூலகர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அவருக்குச் சிக்கல் வேண்டாம். வெட்கப்பட வேண்டிய காரியம்தான். ஆனால் எனக்கு அதில் வெட்கத்தைவிடப் பெருமைதான் ஜாஸ்தி.

எண்பதுகளின் பின்பாதியில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதை ஒருத்தியே உட்கார்ந்து முழுசாகத் தைப்பதில்லை. ஒருத்தி தோலின் ஓரத்தைச் சீவுவாள். அடுத்தவள் பசை தடவி, ஓரத்தை மடித்து, சின்னச் சுத்தியால் தட்டுவாள். அதற்கடுத்தவள் தைப்பாள். இப்படி ஒரு வரிசையில் பதினொரு பெண்கள், அதன் பெயர் லைன். தோல் துண்டுகளை அடுக்கிய தட்டு கைமாறிக் கைமாறிக் கடைசிக்குப் போகும்போது அவை ஷூவின் முகமாக இருக்கும். அந்த ஷூக்களைப் போட்டுக்கொண்டு யாரோ வெளிநாட்டில் நடந்தார்கள். யாரென்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் ஒரு தையல்கூடப் பிரியாது என்பது தெரியும்.

லைனில் எனக்கு முந்தைய இடத்தில் உட்கார்ந்து மடிப்பு வேலை செய்தவளை எல்லோரும் மடிப்பு அக்கா என்று கூப்பிட்டோம். எண்பத்து மூன்றில் நடந்த கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவள். யாழ்ப்பாணத்துப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே இருந்த அகதி முகாமிலிருந்து நடந்து வேலைக்கு வருவாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். மூன்று வருஷம் நாங்கள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். அவள் கொண்டுவரும் தேங்காய்ச் சம்பலுக்காகவே நான் குழம்பில்லாமல் சோறு கட்டிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் ஊரான அணைக்கட்டுப் பக்கத்தில் அது அதிசயமே இல்லை, தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்துக்காரர்கள். ஆனால் இவர் துப்பாக்கி பிடித்தவரல்ல, கரண்டி பிடித்தவர். சமையல்காரர். எண்பத்தேழில் அமைதி காப்பதற்கென்று நம் பட்டாளம் இலங்கைக்குப் போனபோது இவரும் போனார். போன புதிதில் அங்கே மாலை போட்டு வரவேற்றார்களாம். கடிதம் வந்தது. லைன் முழுவதற்கும் படித்துக் காட்டினேன். மடிப்பு அக்கா அன்றைக்கு அழுதாள். சந்தோஷ அழுகை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, காக்கப் போன பட்டாளத்துக்கும் அங்கே ஆயுதம் ஏந்தியிருந்த பையன்களுக்கும் சண்டை மூண்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊரில் டீக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம், ஒரு டீயில் முடிகிற பேச்சு மூன்று டீ வரை போனது. நம்ம ஜனங்களையே நம்ம பட்டாளம் சுடுது என்று ஒரு கட்சி. நம்ம பசங்களைச் சுடறவன் எப்படி நம்மாளு என்று இன்னொரு கட்சி. கம்பெனி பஸ்ஸில்கூட முன் சீட்டு ஒரு கட்சி, பின் சீட்டு ஒரு கட்சி. நான் பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி. முன் சீட்டில்தான் உட்கார்ந்தேன், நிமிர்ந்தும் உட்கார்ந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில், மடிப்பு அக்கா கேட்டாள்.

"உம்மட மனுசன் அங்க என்ன செய்யிறார்?"

"சோறு ஆக்கறாரு. உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

"அந்தச் சோத்தைத் திண்ட ஆக்கள் என்ன செய்யினம்?"

எனக்குச் சுருக்கென்றது. வாயும் கொஞ்சம் நீளம் எனக்கு. "உங்க ஊர்ப் பசங்க சுடாம இருந்தா அவங்க ஏன் சுடப் போறாங்க?" என்றேன். அக்கா டிபன் பாக்ஸை மூடினாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தட்டு மட்டும் வந்தது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தட்டு, அவள் கையிலிருந்து என் கைக்கு, ஒரு வார்த்தை இல்லாமல்.

அது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும். எனக்கு அவள் மறுபடி பேச வேண்டும். மன்னிப்புக் கேட்டால் பேசியிருப்பாளோ என்னவோ. ஆனால் எதற்கென்று கேட்பது? அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு உண்மையாகவே தெரியாது. கடிதத்தில் அவர் எழுதுவதெல்லாம் "நலம், மழை அதிகம்" என்பதோடு முடிந்துவிடும். பதில் தெரியாமல் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் படிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த நூலகத்தில், அப்போதுதான் புதிதாக வந்திருந்த அந்தக் குண்டுப் புத்தகத்தை எடுத்தேன். பதினைந்து நாள் தவணை. முதல் நாள் பஸ்ஸில் எட்டுப் பக்கம் போனது. இந்த வேகத்தில் முடிக்க ஐம்பது நாள் ஆகும். லைனில் புத்தகத்தைப் பார்த்த மற்றவர்களும் ஆளுக்கு ஆள் கேட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. எல்லோரிடமும் கருத்து இருந்தது, விவரம்தான் கம்மி.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஷூவையே நாம் பங்கு போட்டுத்தானே தைக்கிறோம், புத்தகத்தை ஏன் ஒருத்தி முழுசாக வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்? புதுசாக இருந்தும் அதன் முதுகுப் பசை ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. உள்ளே பக்கங்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக நூலால் தைக்கப்பட்டிருந்தன. சீவுகிற கத்தியை எடுத்து நூலை மட்டும் அறுத்தேன், ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. பதினொரு பாகம், பதினொரு பேர். பஸ்ஸோடு நிறுத்தாமல் வீட்டிலும் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒருத்தி ஒரு பாகம் படித்து மறுநாள் அடுத்தவளுக்குத் தர வேண்டும். பதினோராவது நாள் லைன் மொத்தமும் புத்தகம் மொத்தத்தையும் படித்திருக்கும். மூன்று நாள் மிச்சம் வேறு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மடிப்பு அக்காவும் ஒரு பாகம் வாங்கிக்கொண்டாள். என் கையிலிருந்து அல்ல, சீவுகிறவள் கையிலிருந்து.

கூறு உள்ளவர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். ஷூவில் எந்தத் துண்டு முதலில் கைக்கு வந்தாலும் துண்டு துண்டுதான். புத்தகம் அப்படி இல்லையே. இரண்டாம் நாள் காலையிலேயே லைனில் சண்டை தொடங்கியது. பழைய ராஜாக்கள் பாகம் கிடைத்தவள், யார் முதலில் வந்து குடியேறினார்கள் என்பதுதான் விஷயமே என்றாள். மொழிச் சட்டம் பாகம் கிடைத்தவள், ராஜா கதையெல்லாம் எதுக்கு, வேலை போச்சு, அதான் சண்டை என்றாள். கலவரம் பாகத்தைப் படித்தவள் கண் வீங்கி வந்தாள். பையன்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட பாகம் கிடைத்தவள், "இவனுங்களே அடிச்சிக்கிறானுங்க, நடுவுல நாம யாரு?" என்றாள். எனக்குக் கிடைத்தது பட்டாளம் மாலை வாங்கிய பாகம். அதைப் படித்துவிட்டு நான் பேசிய பேச்சு இருக்கிறதே, இப்போது நினைத்தால் எனக்கே காது கூசுகிறது. ஆளாளுக்குத் தன் கையில் இருந்த நாற்பது பக்கம்தான் போர் முழுவதும்.

எங்கள் சூப்பர்வைசர் உருது பேசும் பெரியவர், பாய் என்றுதான் கூப்பிடுவோம். அந்த இரண்டாம் நாள் மதியமே வந்து நின்றார். அன்றைக்குத் தையல் கோணலாகி இருபது ஜோடி திரும்பி வந்திருந்தது.

"இன்னாம்மா இது பேஜாரு? லைன்ல தையல் ஓடுதா, சண்டை ஓடுதா?"

விஷயத்தைச் சொன்னோம். புத்தகத்தின் ஒரு பாகத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நீ எங்கேர்ந்து ஆரம்பிச்ச?" என்று என்னைக் கேட்டார்.

"முன்னூத்திச் சொச்சத்துலேர்ந்து, பாய்."

"அவங்க?"

"அவங்க நூத்திப் பத்துலேர்ந்து."

"அப்ப இன்னாத்துக்கு இப்பவே சண்டை போட்றீங்க? எல்லாரும் முடிங்க. முடிச்சிட்டுச் சண்டை போடுங்க. அதுவரைக்கும் ஊசியப் பாத்துத் தைங்க."

அவர் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு படித்தோம். சுலபமாக இருக்கவில்லை. மாலை வாங்கிய பாகத்துக்கு அடுத்த நாள் என் கைக்குக் கலவரம் பாகம் வந்தது. நான் அதைச் சோறு ஆறிக்கொண்டிருக்க அடுப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். மடிப்பு அக்கா ஒரு நாளும் தன் கதை சொன்னதில்லை. சொல்லாததெல்லாம் அங்கே இருந்தது. இத்தனைக்கும் அவள் ஊரைப் பற்றி நானூறு பக்கத்தில் அரை வரிதான். அந்த அரை வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. அவள் படித்த பிறகு வந்த பாகம் அது.

பதினோராம் நாள் முடித்தோம். பத்தாங்கிளாஸ் தாண்டாத பதினொரு பெண்கள், பஸ்ஸிலும் அடுப்படியிலும் தண்ணீர் வரிசையிலும் உட்கார்ந்து, அந்த நாட்டின் சரித்திரத்தை ஒரு வரி விடாமல் படித்து முடித்தோம். ஆம்பூர் டீக்கடைகளில் கத்திக்கொண்டிருந்த எந்த ஆம்பளையும் அதைச் செய்யவில்லை. அதன் பிறகும் சண்டை வந்தது. ஆனால் அது வேறு சண்டை. யாராவது குரலை உயர்த்தினால் எதிரில் இருப்பவள், "நீ எங்கேர்ந்து ஆரம்பிச்ச?" என்பாள். உடனே குரல் இறங்கிவிடும். மாமியார் சண்டைக்கும் அதே கேள்விதான். எங்கள் லைனில் அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் நாங்கள் முன் சீட்டு, பின் சீட்டு பார்க்காமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம்.

பிறகு புத்தகத்தைச் சேர்த்துத் தைத்தோம். ஷூவுக்குப் போடும் நைலான் நூல், மெழுகு தேய்த்தது. முதுகுக்கு மிச்சம் விழுந்த ஆட்டுத்தோலில் ஒரு பட்டை, பாயிடம் கேட்டு வாங்கியது. ஓரம் மடிக்க ஆள் வேண்டுமே என்று பார்த்தபோது, அக்கா பேசாமல் கையை நீட்டி வாங்கி, மடித்துத் தட்டிக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நூலகர் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், முதுகைப் பிடித்துத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு உள்ளே போய், முதுகு விட்டுப்போன வேறு நாலு புத்தகங்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "இதையும் இதே மாதிரி" என்றார். அந்த வருஷம் நூலகத்தில் எங்கள் கை படாத கிழிசல் புத்தகம் இல்லை.

அந்தக் குண்டுப் புத்தகத்தோடு நிற்கவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் இங்கிலீஷில் எழுதியதைப் பாய் மதியத்தில் பக்கம் பக்கமாகச் சொன்னார், நடுநடுவே உருதுவில் பெருமூச்சு விட்டுக்கொண்டு. ஒரு சிங்களப் பெண் எழுதிய கதைகள் தமிழில் கிடைத்தன. அதில் வரும் அம்மாவும் மகன் திரும்பி வருவானா என்றுதான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் விற்ற படப் புத்தகத்தையும் நான் விடவில்லை. அது ஒரு கட்சிக்காகப் போட்டது என்பது பார்த்ததும் தெரியும். ஆனால் படத்தில் கிடந்த உடம்புகள் எந்தக் கட்சியும் இல்லை. யாராவது கேட்டால் இன்றைக்கும் இந்த வரிசையில்தான் சொல்வேன்: முதலில் சரித்திரம், பிறகு எதிராளி வீட்டுக் கதை, படங்கள் கடைசியில். படங்களில் ஆரம்பித்தால் மற்றதைப் படிக்கப் பொறுமை இருக்காது.

இவ்வளவு படித்தும் அக்கா கேட்டதற்குப் பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. என் வீட்டுக்காரர் அங்கே என்ன செய்கிறார் என்று யார் எழுதுவார்கள்?

வெயில் காலம் முடியும்போது அவர் லீவில் வந்தார். இளைத்திருந்தார். பேச்சும் இளைத்திருந்தது. தெருவில் எல்லோரும் கதை கேட்டார்கள், மழை அதிகம் என்றே எல்லோருக்கும் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் தைத்த புத்தகத்தை மறுபடி எடுத்துவந்து அவர் கட்டில் பக்கத்தில் வைத்தேன். அவர் எட்டாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, தவணையை நீட்டி வாங்கி, பதினெட்டு நாளில் கடைசிப் பக்கம் வரை படித்தார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் கரெக்டாத்தான் எழுதியிருக்காரு. ஆனா ஒண்ணு இல்ல."

"இன்னா இல்ல?"

"நான் பண்ணது இல்ல."

"அப்ப நீங்களே எழுதுங்க" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. அவர் நோட்டு கேட்டார். இரண்டு நாளில் நாலு பக்கம் எழுதினார். அதிலிருந்து கொஞ்சம் அப்படியே தருகிறேன், பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"மூன்று நாள் மழை விடவில்லை. மண்ணெண்ணெய் வண்டி வரவில்லை. நாற்பது பேர் பசியாக இருந்தார்கள். விறகு எல்லாம் நனைந்துவிட்டது. நாங்கள் தங்கிய வீட்டில் ஆள் இல்லை. ஓடிவிட்டார்கள். ஒரு அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. முதலில் பழைய பேப்பரை எரித்தேன். பிறகு கணக்குப் புத்தகம். அது நன்றாக எரிந்தது. தமிழ்ப் புத்தகத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு எரித்தேன். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு அதிலும் இருந்தது. யாரும் என்னை எரிக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். சோறு குழைந்துவிட்டது. எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்."

படித்துவிட்டு நோட்டை மூடினேன். முதலில் வந்தது பயம். இதை அக்கா பார்த்தால் இந்த ஜென்மத்தில் பேச மாட்டாள் என்று பட்டது. அவர் சொன்னார், "யார்கிட்ட வேணும்னாலும் காட்டு. பொய் எழுதல." அப்போது பயத்தை மீறிக்கொண்டு எனக்கு அந்த மனுஷன் மேல் பெருமை வந்தது. எங்கள் தெருவில் பதக்கம் வாங்கியவர்கள் உண்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். என் வீட்டில் இந்த நாலு பக்கம் இருக்கிறது. நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

லைனில் தட்டு எப்போதும் முன்னோக்கித்தான் போகும். பின்னால் திரும்பிப் போனால் வேலையில் குற்றம் என்று அர்த்தம். மறுநாள் காலை ஒரு காலித் தட்டில் அந்த நாலு பக்கத்தை வைத்து, மடிப்பு அக்காவின் பக்கம் தள்ளினேன். தன் மடிப்பில்தான் ஏதோ பிசகு என்று நினைத்து அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மதியம் மணி அடித்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தாள். நான் சோற்றைத் திறக்கவே இல்லை. நாலு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்குச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஆனது.

மணி அடிக்கப் போகும்போது வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காகிதங்களை ஓரம் பிசகாமல் மடித்து என் கையில் கொடுத்தாள்.

"குசினிக்குப் பின்னால பாக்கேல்லையோ உம்மட மனுசன்?"

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. எனக்குப் புரியவில்லை.

"இன்னாக்கா?"

"எங்கட பக்கம் எந்த வீட்டு வளவுக்குள்ள போனாலும் குசினிக்குப் பின்னால கூரையைச் சரிச்சுப் பத்தி இறக்கி, காஞ்ச பனைமட்டை அடுக்கி வச்சிருப்பம். மழைக்கு எண்டே வைக்கிறது. ஒரு சொட்டு ஈரம் படாது. ஊரை விட்டு ஓடிற ஆக்கள் அதைத் தூக்கிக்கொண்டோ போவினம்? அங்கதான் இருந்திருக்கும்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "புத்தகத்தை எரிச்சிருக்கத் தேவையில்லை. போய்ச் சொல்லும்."

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு, "குசினின்னா?" என்று கேட்டார். சமையல்கட்டு என்றேன். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், மட்டை மட்டுமா ஓலையுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாததை மறுநாள் அக்காவிடம் கேட்டுவந்து சொன்னேன். அவள் அலுத்துக்கொள்ளாமல் சொன்னாள், சம்பலும் கொடுத்தாள். லீவு முடிந்து அவர் திரும்பிப் போனார்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்றே வரி. மழை அதிகம். வேறு வீட்டில் இருக்கிறோம். சமையல்கட்டுக்குப் பின்னால் பார்த்தேன், அந்தம்மா சொன்ன மாதிரியே காய்ந்த பனைமட்டை இருந்தது, அலமாரியைத் தொடவில்லை, அவர்களிடம் சொல்லிவிடு.

கடிதத்தை லைனில் வைத்து மடிப்பு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சுத்தியை எடுத்து ஒரு ஓரத்தைத் தட்டினாள், இன்னொரு ஓரத்தைத் தட்டினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, லைன் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கட வீடுகளில எல்லாம் இருக்கும்."